பாதி முடிச்சு

சங்கமித்ராவின் அம்மா மலருக்குப் பாறை ஏறுவதுதான் வேலை. பாறை ஏற ஆசைப்பட்டு வருகிறவர்களைப் பத்திரமாக மேலே கூட்டிப்போவாள். அதைவிடப் பத்திரமாகக் கீழே கூட்டிவருவாள்.

"உங்கம்மாவோட தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்துல பாறைக்குள்ள இறங்கி வேலை செஞ்சாரு. இவ பாறை மேல ஏறுறா. இந்தக் குடும்பத்துல தரையில நடக்குறது நான் ஒருத்தன்தான்," என்று அப்பா கேலி செய்வார்.

மூன்று வருடமாக அம்மா உதவி வழிகாட்டி. கயிற்று மூட்டையைச் சுமப்பாள், ஷூ மாட்டிவிடுவாள். ஆனால் தனியாக ஒரு குழுவை அழைத்துப்போக முடியாது. அதற்கு ஒரு தேர்வு உண்டு. அந்தத் தேர்வு இந்த ஞாயிற்றுக்கிழமை.

விடியும்போதே அம்மாவும் மித்ராவும் பெங்களூரின் மர்பி டவுனிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார்கள். கனகபுரா சாலையைத் தாண்டியதும் மித்ரா கேட்டாள்.

"அம்மா, பயமா இருக்கா?"

"சொல்ப," என்று கன்னடத்தில் சொன்னாள் அம்மா. கொஞ்சம் என்று அர்த்தம்.

"சொல்பன்னா எவ்ளோ?"

"ஸ்கூட்டரை விட்டு எறங்காம இப்படியே மைசூர் போயிடலாமான்னு தோணுது. அவ்ளோதான்."

மித்ரா அம்மாவின் முதுகில் கன்னத்தை வைத்து இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

பாறையடியில் ஆண்ட்ரூ சார் ஏற்கெனவே வந்திருந்தார். அவர்தான் தலைமை வழிகாட்டி. ஆறடி உயரம், நரைத்த மீசை, கையில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம். எதையாவது பார்ப்பார், எதையோ எழுதுவார். என்ன எழுதினார் என்று முகம் சொல்லாது.

ஐ.டி. கம்பெனி ஒன்றிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் கோதண்டராமன் என்பவர் விடாமல் கேள்வி கேட்டார்.

"மேடம், இந்த ஷூ கால் விரலை மடக்குதே, அது சரியா?"

"சரிதான் சார்."

"அழுகை வருதே, அதுவும் சரியா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மித்ராவுக்கு நிம்மதியாக இருந்தது.

சின்னவர்கள் உட்கார ஒரு மரத்தடி ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து மித்ரா எல்லாவற்றையும் பார்த்தாள். முதலில் அம்மா ஏற வேண்டும். கீழே நின்று கயிற்றைப் பிடிப்பது டீனா அக்கா. அவளும் உதவி வழிகாட்டிதான்.

அம்மா இடுப்பில் ஹார்னஸ் வாரைக் கட்டினாள். கயிற்றில் எட்டு வடிவில் ஒரு முடிச்சுப் போட்டாள். நுனியை இடுப்பு வாருக்குள் நுழைத்தாள். இனி அந்த நுனி, வந்த வழியிலேயே திரும்பிப் போய் எட்டை இரட்டை எட்டாக்க வேண்டும். அப்போதுதான் முடிச்சு ஆளைத் தாங்கும். வீட்டில் ஜன்னல் கம்பியில் துணிக்கொடியைக் கட்டி மித்ரா இதை நூறு முறை செய்திருக்கிறாள்.

மித்ராவுக்குப் பசித்தது.

"அம்மா! சப்பாத்தி டப்பா எங்க?"

அம்மா திரும்பினாள். "நீலப் பையில பாரு கண்ணு."

"மேடம், இந்த லேஸை எப்படிக் கட்டணும்?" என்றார் கோதண்டராமன். அம்மா போய்க் குனிந்து கட்டிவிட்டாள். காற்று சில்லென்று வீசியது. ஜெர்க்கினின் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பாறைக்குப் போனாள்.

"ஆரம்பிக்கலாமா மலர்?" என்றார் ஆண்ட்ரூ சார்.

ஏறுவதற்கு முன் ஒருவர் மற்றவரின் முடிச்சையும் வாரையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அது விதி. ஆண்ட்ரூ சார் பார்க்கிறார் என்ற பதற்றத்தில், டீனா அக்கா ஜெர்க்கினுக்கு மேலேயே ஒரு தட்டுத் தட்டினாள். "ஓகே அக்கா."

மித்ரா சப்பாத்தியைக் கடித்தபடி பார்த்தாள். ஜெர்க்கினுக்குக் கீழே கயிற்றின் நுனி தொங்கியது. அம்மாவின் முழங்கால் வரைக்கும்.

முடிச்சு முடிந்திருந்தால் நுனி ஒரு சாண்தானே இருக்கும்?

சப்பாத்தியை டப்பாவில் வைத்துவிட்டாள். நான் கூப்பிட்டபோது அம்மா பாதியில் விட்டுவிட்டாள். நான்தான் கூப்பிட்டேன்.

கத்தலாம். கத்தினால் ஆண்ட்ரூ சார் எழுதிவிடுவார். மூன்று வருடம் வீணாகிவிடும். இல்லை, நான் தப்பாகப் பார்த்திருப்பேனோ? அம்மாவா முடிச்சில் தப்பு செய்வாள்?

அம்மா பாறையில் கை வைத்தாள். ஒரு காலைத் தூக்கினாள்.

மித்ரா எழுந்து ஓடினாள்.

"அம்மா, இரு! நான் உன்னை ஒரு தடவை செக் பண்ணட்டுமா?"

"நான் பண்ணிட்டேன் மித்ரா. போய் உக்காரு," என்றாள் டீனா அக்கா.

"பாப்பாவுக்கும் வேலை குடுங்க மேடம்!" என்று சிரித்தார் கோதண்டராமன்.

மித்ரா சிரிக்கவில்லை. அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். தூக்கிய காலை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"பண்ணு," என்று இரண்டு கைகளையும் தூக்கி நின்றாள்.

மித்ரா ஜெர்க்கினை விலக்கி முடிச்சைத் தொட்டாள். எட்டு ஒற்றையாகத்தான் இருந்தது. எட்டிக் காதருகே கிசுகிசுத்தாள். "பாதிதான் இருக்கு. யாருக்கும் தெரியாம கட்டிடும்மா."

அம்மா குனிந்து பார்த்தாள். நுனியைக் கையில் எடுத்தாள். பிறகு மித்ராவின் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"என் முடிச்சு பாதியில நிக்குது. நான் கவனிக்கல. என் பொண்ணு கண்டுபிடிச்சா."

ஐயோ, என்று நினைத்தாள் மித்ரா. சிரிப்பெல்லாம் நின்றுபோயிற்று. டீனா அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. "அக்கா, நான் தொட்டுப் பார்த்திருக்கணும்..."

"ஜெர்க்கினைத் தூக்கிக் காட்டாம நின்னது நான்தானே டீனா."

ஆண்ட்ரூ சார் வந்து முடிச்சைப் பார்த்தார். நோட்டில் எழுதினார். இந்த முறை நிறைய எழுதினார்.

"மலர், இன்னிக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

"தெரியும் சார்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி வாங்க. தப்பை மறைக்கிற ஆளா இருந்தா, நான் வரவே சொல்லியிருக்க மாட்டேன்."

அம்மா தலையசைத்தாள். பாதி முடிச்சை முழுவதுமாக அவிழ்த்துவிட்டு, மித்ராவை அழைத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நான் கூப்பிட்டதாலதானேம்மா?" என்று கேட்டாள் மித்ரா.

"நீ கூப்பிட்டா நான் திரும்பாம இருப்பேனா? முடிச்சை அவுத்துட்டுத் திரும்பியிருக்கணும். அது என் வேலை, உன்னுது இல்ல."

"தேர்வு போச்சே."

"ஒரு வாரம் தள்ளிப்போச்சு. அவ்ளோதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கணக்கு ஹோம்வொர்க் ஏன் செய்யலன்னு உன்னைத் திட்டுவேன் பாரு. எனக்கு அது போதும்."

"செஞ்சிட்டேன்!"

"பொய்."

"பாதி செஞ்சிட்டேன்."

அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள். இருவரும் மீதிச் சப்பாத்தியைப் பிய்த்துத் தின்றார்கள்.

அதற்குள் ஆண்ட்ரூ சாரே ஏறத் தயாராகிவிட்டார். டீனா அக்கா அவருடைய முடிச்சைக் கையால் தொட்டு, இழுத்து, வாரையும் அசைத்துப் பார்த்தாள். ஆனாலும் அவர் பாறைப் பக்கம் போகவில்லை. நேரே மரத்தடிக்கு வந்தார்.

"மித்ரா, என்னையும் ஒரு தடவை பாரும்மா."

மித்ரா அம்மாவைப் பார்த்தாள். அம்மா புருவத்தை உயர்த்தி, "போ" என்றாள்.

அந்த ஆறடி மனிதர் கைகளைத் தூக்கி நின்றார். மித்ரா முடிச்சைத் தொட்டாள். இரட்டை எட்டு. நுனி ஒரு சாண். வாரின் பக்கிளை இழுத்துப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள்.

"சார், எல்லாம் ஓகே. ஷூ லேஸ் மட்டும் அவுந்திருக்கு."

ஆண்ட்ரூ சாரின் மீசை துடித்தது. முதல்முறையாக அந்த முகம் சிரித்தது. "அதை நோட்டுல எழுதணுமா?"

"எழுதுங்க சார்," என்றாள் மித்ரா.

"பாப்பா, அடுத்தது நான்!" என்று கோதண்டராமன் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மற்ற ஐந்து பேர். அவர்களுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீனா அக்கா.

மித்ரா ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். வரிசையின் கடைசியில், புதிதாகக் கட்டிய முடிச்சோடு, ஜெர்க்கினைக் கழற்றிவிட்டு, எல்லோரையும் போலவே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள் அம்மா.