தகரம் அடித்த மேசை

பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கும்போதே மேசைக்கு அடியில் ஒரு ரிலே சுவிட்ச் ‘டக்’கென்று அடித்தது. சம்பவநாதன் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான். வெயில் தாழ்ந்து ராஜகிரி மலையின் நிழல் ஜன்னல்வரை வந்திருந்தது. சமண வீட்டு வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்க மனைவி லீலாவதி சமையற்கட்டிலிருந்து அவசரப்படுத்தினாள். மேசைமேல் பொம்மை ரயில் அசையாமல் நின்றது.

செஞ்சி கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவன் அவன். பாண்டிச்சேரியை விட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் அந்த ரயிலை வாங்கி வந்து, கூடத்தில் பாதியை அடைத்துத் தண்டவாளம் போட்டு, பலகைக்கு அடியில் டிரான்ஸ்பார்மர், ரிலே, ஒயர் என்று இரண்டு வருஷ உழைப்பைப் பொருத்தியிருந்தான். ரயிலே வராத ஊரில் ரயில் விட்டவன் என்று கொஞ்சம் திமிரும் உண்டு. போன வாரம் ஒரு எலி ஒயரைக் கடித்துப் போட்டபோது அழுதேவிட்டான்.

“மருந்து வையேன் நயினாரே, ஒரே நாள்ல தீந்துடும்” என்றார் இரும்புக்கடை சம்பந்தம்.

“எங்க வூட்ல உசுரக் கொல்றது ஆவாதுன்னு தெரியாதா? ரெண்டு தகரம் குடுங்க. அடிப்பக்கத்த மூடிட்றேன்.”

நேற்று மூடும்போதுதான் பார்த்தான். ரிலேக்களுக்கு நடுவே கந்தல் பஞ்சு, அதில் கண் திறக்காத ஆறு குஞ்சுகள். தாய் எலி இல்லை. எடுத்துத் தோட்டத்தில் விட்டிருக்கலாம். அருவருப்பாக இருந்தது. கை பட்டுச் செத்தால் பாவம் யாருக்கு? ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு தகரத்தைப் பொருத்தினான். பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது. மூடினேன், கொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டு நன்றாகவே தூங்கினான்.

அவர்களுடைய மூன்று மாதக் குழந்தை நீலாஞ்சனா தகரம் அடித்த அன்றிலிருந்தே மெலிந்தாள்.

“குடிச்சிக்கினேதான் இருக்கறா” என்றாள் லீலாவதி. “மாரு காலியாவுது. அவ வயித்துல ஒண்ணும் இல்லீங்க. பாலு எங்கதான் போவுது?”

திண்டிவனத்து டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. செத்த எலி நாற்றம் வருமென்று சம்பவநாதன் காத்திருந்தான். தகரத்துக்குள் ஏதோ மெத்துமெத்தென்று புரளும் சத்தமும், ஈரமாகச் சப்புகிற சத்தமும், ஆணிச் சந்துகள் வழியாக இளஞ்சூடான பால் வாசனையும்தான் வந்தன. லீலாவதியின் சேலையில் வரும் அதே வாசனை. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் திறந்தால் தான் செய்ததைச் சொல்ல வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டான். கோழை.

ஏழாம் நாள் சாயங்காலம் குழந்தையின் கண் மேலே செருகியது.

குறடு எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் ஊர்ந்தான். ஒரு ஆணி. இரண்டு. கை வழுக்கியது. தகரம் வெதுவெதுப்பாக இருந்தது. மூன்றாவது ஆணி. தகரம் தொங்கியது.

ஆறும் இருந்தன. உயிரோடு. பூனை அளவுக்குக் கொழுத்து. இன்னும் கண் திறக்கவில்லை. வாயோரம் பால்.

“இதுங்களயா மூடி வெச்சிருந்தீங்க?”

லீலாவதி பின்னால் குனிந்திருந்தாள். ரவிக்கை முன்புறம் நனைந்து சொட்டியது.

“லீலா, நான் கொல்லல. பாப்பாவப் பாரு. இப்ப குடு, குடிப்பா.”

அவள் தொட்டில் பக்கம் திரும்பவேயில்லை. அவனை ஒதுக்கிவிட்டு முழங்காலிட்டு உள்ளே வந்தாள்.

தொட்டிலில் நீலாஞ்சனாவின் வாய் வெறும் காற்றைச் சப்பியது. சப்பியது. நின்றது.

“பசிச்சிடுச்சாடா கண்ணுங்களா” என்று கொஞ்சியபடி லீலாவதி ஆறையும் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, ரவிக்கை ஊக்கைக் கழற்றினாள்.