வேலியோரம் காலி கேப்சூல்

செல்போன் அலறியது.

செஞ்சி இன்ஸ்பெக்டர் வளர்மதி எடுத்தாள்.

"மேடம், டாக்டர் அனு பேசுறேன். என் பேஷன்ட்டோட புருஷன் மேல சந்தேகமா இருக்குது... ஒடனே வர்றீங்களா?"

ஜீப் சீறிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

ஐ.சி.யூ.வில் சுதர்சனா. காலையில் வலிப்பு வந்து வீட்டில் விழுந்தவள்... இன்னும் கண் திறக்கவில்லை.

"ஒரு வருஷமா இவங்களுக்கு வலிப்பே இல்ல மேடம். நாங்க சோதனை பண்ற புது மருந்து அப்படி."

"அது இன்னா பண்ணும்?"

"நரம்புங்க பேசி முடிச்சதும் குளூட்டமேட்னு ஒரு ரசாயனம் தேங்கும். அத உறிஞ்ச மூளையில குட்டிக் குட்டி பம்ப் இருக்குது. பம்ப் மந்தமானா வலிப்பு. மருந்து அத முடுக்கி விடும்."

"குப்பை வண்டி மாதிரி?"

"அதேதான். ஆனா மருந்து உள்ள இருக்கும்போதே வலிப்புன்னா, நிறுத்தியாகணும். வேற எந்த மருந்தும் இவங்களுக்குக் கேட்டதில்ல..."

"மருந்து குடுக்குறது யாரு?"

"நான்தான் மேடம்."

முன்னால் வந்தான் பிரசாந்த். பழைய நர்ஸ் ஓய்வு பெற்றதும் போன வாரம்தான் சேர்ந்தவன். சட்டை மடிப்புகூட கலையவில்லை.

"தெனம் வீட்டுக்குப் போவேன். நேத்துகூட என் கண்ணு முன்னாடி முழுங்கினாங்க. ஆனா இப்ப பாட்டிலையே காணோம்... இதுதான் அவங்க வீட்டு வேலியோரம் கெடந்துச்சு."

பாலித்தீன் பைக்குள் காலி கேப்சூல் கூடுகள்.

"மருந்தைக் கொட்டிட்டு வேற எதையோ அடைச்சிருக்காரு புருஷன்."

அந்தப் புருஷன், மல்லாட்டைக் கடலை வியாபாரி கோமதேஷ், சுவரோரம் நின்றான். ஏசியிலும் வியர்த்தது.

"இன்னா சார், இவரு சொல்றது நெசமா?"

"கூடு... நாங்க போட்டதுதான்."

கூட வந்த ஏட்டு விலங்கைத் தடவினார்.

"நாங்க ஜைனருங்க மேடம். அந்தக் கூடு மாட்டெலும்புல செய்யறது. அவ வாயிலயே வெக்க மாட்டா. பிரிச்சு, தூளை மட்டும் சர்க்கரைத் தண்ணியில கலக்கிக் குடிப்பா. வருஷம் பூரா அப்படித்தான். பழைய நர்சம்மாவுக்குத் தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் அனு.

"முழுசா முழுங்கணும்னு ரூலு. சொன்னா சோதனையிலேருந்து தூக்கிடுவீங்கன்னு பயம்... அவ பொழைக்கணும் டாக்டர்." உடைந்து அழுதான்.

வளர்மதி மெல்லத் திரும்பினாள்... பிரசாந்த் பக்கம்!

"ஏம்பா, வாயிலயே வெக்காதவங்க உன் கண்ணு முன்னாடி எப்படி முழுங்கினாங்க?"

பிரசாந்தின் பார்வை வாசலில் நின்ற தன் பைக் பக்கம் ஓடியது.

"ஏட்டு, இவரு பைக் பெட்டியத் தெறங்க."

பாட்டில் வந்தது. மூடி சீல்கூட உடையவில்லை.

பிரசாந்த் கையெடுத்துக் கும்பிட்டான்.

"எதிர் கம்பெனியில பெரிய வேலை தர்றேன்னாங்க... இந்த மருந்து தோத்தா போதும்னாங்க. புருஷன் இல்லாத நேரமா பாத்து, டாக்டர் நிறுத்தச் சொன்னாங்கன்னு அந்தம்மாகிட்ட சொல்லி, புது பாட்டில எடுத்துட்டு வந்துட்டேன். உயிருக்கே ஆபத்தாகும்னு நெனக்கல மேடம்..."

"அப்ப மருந்து தோக்கல." அனு பாட்டிலைப் பிடுங்கினாள். "சிஸ்டர், கூட்டைப் பிரிச்சுத் தூளை மட்டும் கரைங்க. டியூப்ல ஏத்தலாம்."

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் வெயில் மங்கியபோது சுதர்சனா கண் திறந்தாள். கோமதேஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வராந்தாவில் பிரசாந்த் முனகினான்.

"மேடம்... என்னை எதுல கூட்டிட்டுப் போறீங்க?"

வளர்மதி ஜீப்பைக் காட்டினாள்.

"மூளையில குப்பை அள்ற வண்டியத்தான நிறுத்துன? ஊர்ல குப்பை அள்ற வண்டி வாசல்லயே நிக்குது. ஏறு."