டி வரிசை, நாலாம் நம்பர்

டிரிங்... டிரிங்...!

புக்கிங் அக்கா ரிசீவரை எடுத்தாள்.

"தியேட்டர் புக்கிங். சொல்லுங்க."

"இன்னிக்கு மூணு மணி நாடகத்துக்கு ஒரு டிக்கெட் வேணும்."

பெண் குரல். இளமையான, அவசரமான குரல்.

"ஒண்ணுதானே? நல்ல சீட்டாவே தர்றேன். பி வரிசையில நடு சீட் இருக்கு. மேடை மொத்தமும் தெரியும்."

"மேடை தெரியலைன்னாலும் பரவாயில்ல."

"என்னது?!"

"டி வரிசை நாலாம் நம்பர் தெரியணும். அதுல உட்கார்ற ஆளோட முகம், கை ரெண்டும் தெரியணும். ஆனா அவரு கண்ணுல நான் படக்கூடாது. அப்படி ஒரு சீட் இருக்கா?"

அக்காவின் பேனா நின்றது.

டி நாலு...!

கோட்டு சாரின் சீட்!

அந்தத் தியேட்டருக்கு வயது நூற்றுப்பத்து. நூற்றறுபது நாற்காலிகள். பால்கனியைத் தாங்கிக்கொண்டு எட்டு இரும்புத் தூண்கள். எந்த நாற்காலியைத் தூண் மறைக்கும், எதில் வசனம் காதில் விழாது, எது அசைந்தால் 'க்ரீச்' என்று ஊரைக் கூட்டும்... எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. காலை வேளைகளில் காலி அரங்கில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துக் கற்றது.

ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாடகம்கூட அவள் பார்த்ததில்லை.

பார்ப்பதென்றால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டாமா?

அம்மா போய் ஆறு வருஷம். வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசும். இங்கே கவுன்ட்டரின் சின்ன ஓட்டை வழியே நீளும் கைகள். முகம் இல்லாத வெறும் கைகள்.

குனிந்து அவள் முகத்தைப் பார்த்த முதல் ஆள் கோட்டு சார். அறுபது வயது. சாம்பல் நிறக் கோட்டு. மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் வருகிறார்.

"முகம் வாடியிருக்கே... சாப்பிட்டீங்களா?" என்று அவர் முதல்முறை கேட்ட அன்று, அக்கா ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

போன ஞாயிற்றுக்கிழமை...

"ஊருக்கெல்லாம் நல்ல சீட் பொறுக்கிக் குடுக்கறீங்க. அடுத்த வாரம் டி அஞ்சு உங்களுக்கு. என் பக்கத்துல. அம்மாவோட நகையெல்லாம் சும்மா பெட்டியில தூங்குதுன்னீங்களே... போட்டுக்கிட்டு வாங்க. நாடகம் முடிஞ்சதும் நானே வீட்ல கொண்டு விடறேன்."

இதோ, அக்காவின் கையில் எட்டு வளையல்கள்!

முகம் தெரியணும், கண்ணில் படக்கூடாது... அப்படியென்றால் அவரைக் கொல்லத்தான் ஒருத்தி வருகிறாள்!

போலீசுக்குச் சொல்லலாமா? என்ன சொல்வது? ஒருத்தி சீட் கேட்டாள் என்றா?

"ஹலோ... இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. ஜே பதினொண்ணு. நீங்க கேட்ட மாதிரியே அருமையான சீட்."

பச்சைப் பொய்! ஜே பதினொன்றுக்கு நேர் எதிரே தூண். அதில் உட்கார்ந்தால் தூணில் பூசிய பெயின்ட் மட்டும்தான் தெரியும்.

மணி மூன்று.

ஓட்டை வழியே ஒரு கை நீண்டு ஜே பதினொன்று டிக்கெட்டை வாங்கியது. ஒட்ட வெட்டிய நகங்கள். ஆண்கள் கட்டும் வாட்ச்.

அக்கா கவுன்ட்டரை மேனேஜரிடம் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

அரங்கில் விளக்குகள் அணைந்தன. இருட்டில் தடவிப் போய் டி ஐந்தில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டீங்களா! பயந்தே போயிட்டேன், வராம இருந்துடுவீங்களோன்னு." கோட்டு சார் சிரித்தார்.

"சார்... ஒரு விஷயம். பதறாதீங்க. உங்களைக் கவனிக்கணும்னு ஒரு பொண்ணு சீட் கேட்டா. உங்க முகமும் கையும் தெரியணுமாம்!"

அவர் சிரிப்பு ஒரு விநாடி காணாமல் போனது.

"எங்க உட்கார்ந்திருக்கா?"

"தூணுக்குப் பின்னாடி தள்ளிட்டேன்."

"அங்கேருந்து நம்மளைப் பார்க்க முடியாதா?"

"தலைகீழா நின்னாலும் முடியாது."

சிரிப்பு திரும்பி வந்தது. "கெட்டிக்காரி!"

கோட்டுக்குள்ளிருந்து சின்ன பிளாஸ்க்கை எடுத்தார். மூடியில் காபி ஊற்றி நீட்டினார்.

"சூடா இருக்கு. குடிங்க."

"உங்களுக்கு?"

"நான் காபியே தொடமாட்டேன். உங்களுக்காகப் போட்டது."

அவளுக்காக! ஒருத்தர் அவளுக்காகக் காபி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று!

கண் கலங்க, மூடியை உதட்டருகே கொண்டு போனாள்.

நின்றாள்.

ஏதோ உறுத்தியது...

ஒருத்தி உங்களைத் தேடி வந்திருக்கிறாள் என்றால் யாராக இருந்தாலும் முதலில் என்ன கேட்பார்கள்?

'யாரு?' என்றுதானே?

"சார்... அந்தப் பொண்ணு யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

மேடையில் யாரோ வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கமாக.

"குடிங்க."

அந்த ஒரு வார்த்தையில் மூன்று மாத அன்பு செத்து விழுந்தது.

அக்கா எழுந்தாள். அவள் நாற்காலி 'படார்' என்று மடங்கியது.

"லைட்டைப் போடுங்க...!"

விளக்குகள் எரிந்தன. மேடையில் இருந்தவர்கள் சிலையானார்கள். கோட்டு சார் மூடியைத் தட்டிவிடப் பாய்ந்தார். அக்கா அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். பாதி சிந்தியது. பாதி தங்கியது.

"அந்தக் காபியைக் கீழ ஊத்திடாதீங்க!"

தூணுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்த பெண், ஒரே இழுப்பில் அவர் கையைப் பின்னால் முறுக்கினாள். விலங்கு மாட்டினாள்.

"நீ... நீ கொலைகாரி இல்லையா?" அக்கா திணறினாள்.

"நான் இன்ஸ்பெக்டர்!" மூச்சு வாங்கியது அந்தப் பெண்ணுக்கு. "மூணு ஊர், மூணு பொம்பளைங்க. மூணு பேரும் தனியா இருந்தவங்க. நாடகத்துல இவன் குடுத்த காபியைக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினவங்க எழுந்திருக்கவே இல்ல. நகையும் இல்ல. நாலாவது யாருன்னு தெரியாமத்தான் வந்தேன். தியேட்டர் ஆளாக்கூட இருக்கலாம்னுதான் போன்ல போலீஸ்னு சொல்லல. ஆமா... என்னை ஏன்மா தூணைப் பார்க்க உட்கார வெச்சீங்க?"

அக்கா மீதிக் காபியோடு மூடியை அவளிடம் நீட்டினாள்.

வெளியே காத்திருந்த போலீஸ்காரர்கள் வந்து இழுத்துப் போகும்போது கோட்டு சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குக் காபியைவிடக் கசந்தது.

"அந்த மூணு பேர்கிட்டயும் சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டிருப்பாரு, இல்ல?"

இன்ஸ்பெக்டர் தலையசைத்தாள். பிறகு வெளியே ஜீப்பின் கதவைத் திறந்து, நகர்ந்து இடம் விட்டாள்.

"அவனை வேற வண்டியில ஏத்தியாச்சு. ஸ்டேஷன் வரைக்கும் வந்து எழுதிக் குடுத்துடுங்கக்கா. வாங்க, என் பக்கத்துல உட்காருங்க."

அக்கா ஏறவில்லை. இன்ஸ்பெக்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உட்கார்றேன் மேடம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க... நீங்க காபி குடிப்பீங்கல்ல?"