குர்க்கின் வலது கை

சான் பெட்ரோ துறைமுகத்தில் ஒரு காலத்தில் மீன் டப்பா அடைத்த ஷெட்தான் எங்கள் டி.வி. ஸ்டூடியோ. அன்றும் டோனட் தின்றபடியே உள்ளே போனேன். வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே குளிர், இருட்டு, சுவரில் ஊறிய சூரை மீன் வாடை.

குர்க் என்கிற பச்சைச் சடைப் பொம்மையின் வலது கை நான். தலை, வாய், இடது கை எல்லாம் என் நண்பன் மார்ட்டி. அவன் கலைஞன், நான் ஒரு கை. அம்மா இதை அக்கம்பக்கத்தில் சொல்வதில்லை.

அன்று குர்க் டிரம்ஸ் அடித்துப் பாட வேண்டியது, அலைச்சறுக்குப் பையன்கள் கடற்கரையெங்கும் அலறவிட்ட ஒரு பழைய பாட்டு. இசை கிராமபோன் தட்டில் ஓடும். மார்ட்டி நடுநடுவே அலறுவான். மேடைக்கடியில் குந்தி, கைகளை மேலே நீட்டி, எதிரிலிருக்கும் சின்ன டி.வி.யை மட்டும் பார்க்க வேண்டும். 'கட்' சொல்லும்வரை செத்தாலும் நிறுத்தக் கூடாது.

தட்டு சுழன்றது.

"டேய் வெண்டல், மெதுவாடா. பாட்டை முந்துற."

"முந்துறது நீ. நான் வெறும் கை."

வாடை கூடியது. கையுறைக்குள் ஏதோ ஈரம்.

"நான் இல்லடா," மார்ட்டி கிசுகிசுத்தான். "நான் எப்பவோ கையை வெளிய எடுத்துட்டேன்."

டி.வி.யில் குர்க் இரண்டு கைகளாலும் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன்.

மார்ட்டியின் இரண்டு கைகளும் அவன் மடியில் இருந்தன.

டிரம்ஸ் குச்சி மேடைக்கடியில் இறங்கியது. முதல் அடி அவன் நெற்றியில்.

அடித்தது என் கை.

மார்ட்டி அலறினான். மேலே கைதட்டினார்கள். "அபாரம் மார்ட்டி! நிறுத்தாதீங்கப்பா!" என்றாள் டைரக்டர் ஃபிலிஸ்.

இரண்டாவது அடியில் பற்கள் தெறித்தன. மூன்றாவதில் தாடை தொங்கியது. ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க முடியாமல் மனைவியிடம் நீட்டுகிற கை அது. இப்போது அதை இடது கையால் பற்றி, முழு எடையோடு தொங்கியும் நிற்கவில்லை.

"வேணாம்டா வெண்டல்..."

என்னைத்தான் கெஞ்சினான்.

மேடையைத் தாங்கிய இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே முழங்கையைச் செருகி, பக்கவாட்டில் விழுந்தேன். எலும்பு முறிந்தது. விரல்கள் அடித்துக்கொண்டே இருந்தன. எழுந்து மறுபடி விழுந்தேன்.

அப்புறம்தான் யாரோ 'கட்' என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் என் கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வேலையிலிருந்த ஒரே பாகமும் போயிற்று என்றேன். பக்கத்துக் கட்டிலில், தாடையைக் கம்பியால் கட்டிக் கிடந்த மார்ட்டி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். உயிரோடு இருக்கிறானே என்று நான் அழுதேன்.

மறுநாள் மதியம். வார்டு முழுக்க வெயில். மார்ட்டியின் கட்டில் கம்பி அதிரத் தொடங்கியது.

டக். டக்கடக்க. டக்.

அவன் கண்கள் என்னைப் பார்த்தன. என் காலிச் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"நான் இல்லடா மார்ட்டி."

ஆனால் இல்லாத என் விரல்களுக்குள் குச்சி இருந்தது. வழவழப்பாக, ஈரமாக.

அவன் கன்னத்தில், குச்சி அகலத்துக்கு, புதிதாக ஒரு சிவந்த கோடு எழும்பியது.