கருப்பு ஊற்றின் எல்லைக்கல்

ஆறு முறை கேட்டது அந்தச் சத்தம். ஏழாவது கேட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. அன்செல்ம் விதலாங்க் கரண்டியை வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம். கோயில் மணி ஆறு அடித்து அதன் ரீங்காரம் இன்னும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டியில் உப்புப் பன்றிக்கறியும் பயறும் கொதித்து ஆவி விட்டன. நவம்பர் மாத மூடுபனி கதவிடுக்கு வழியாக ஈரக் கம்பளி வாடையோடு சமையலறைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஜன்னல் கதவு காற்றில் அடித்ததோ என்று முதலில் நினைத்தான். காற்றே இல்லை. பிறகு சந்தைச் சத்தம் என்று தோன்றியது. முப்பத்தைந்து வருடமாக மாட்டு வியாபாரம் செய்பவனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? மாட்டுச் சந்தையில் விலை படிந்தால் ஒருவன் நீட்டிய கையில் மற்றவன் தன் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவான். தட்டியாயிற்று என்றால் பேரம் முடிந்தது. அப்புறம் மாடு வந்து சேரும்வரை விற்றவன் வாங்கியவனின் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. ஒருமுறை கொட்டும் மழையில் மூன்று மணி நேரம் அப்படி நின்றிருக்கிறான் அன்செல்ம்.

ஆனால் இது கையில் கை விழும் சத்தம் இல்லை. அதைவிட மெலிசு, அதைவிட ஈரம். கன்னத்தில் விழும் சத்தம்.

"எவன்டா அது?" என்று கத்தினான். வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை என்பது அவனுக்கே தெரியும். கரண்டியை வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தான். உள்ளங்கை சிவந்து, சுறுசுறுவென்று எரிந்துகொண்டிருந்தது.

பயப்படுகிற வழக்கம் அவனுக்கு இல்லை. அதற்குக் கோபம் இடம் விட்டதில்லை. கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் சான்-தெலூர் என்ற ஊர் முதலில் அவன் ஊரான மொர்சிலாக்கின் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டது. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியாரா என்று மேலிடத்தில் கேட்டார்களாம். பிறகு தபால் நிலையம், பிறகு டாக்டர், பிறகு ரொட்டிக் கடை. நடுவில் ஒரு கோடையில் அன்செல்மின் மனைவியையும் எடுத்துக்கொண்டது. அவள் இப்போது அங்கே ஒரு பல் டாக்டரோடு இருக்கிறாள், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள் என்று கேள்வி. மொர்சிலாக்கில் மிஞ்சியது அறுபத்தொரு பேரும் நானூறு மாடுகளும். அந்த அறுபத்தொரு பேருக்கும் அன்செல்ம்தான் மேயர். மாடுகளுக்கு வாக்கு இருந்தால் இன்னும் பெரிய வெற்றியாக இருந்திருக்கும்.

மூன்று கோடையாக மேட்டு நிலம் பாளம் பாளமாக வெடித்தபோதும் வற்றாதது கருப்பு ஊற்று ஒன்றுதான். அதுவும் இரு ஊர் எல்லையிலிருந்து சான்-தெலூர் பக்கமாகப் பதினோரு அடி தள்ளி இருந்தது. இத்தனை காலம் யாரும் அடி அளந்ததில்லை. இப்போது தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்க ஒரு கம்பெனி வந்ததும் சான்-தெலூருக்கு எல்லை ஞாபகம் வந்துவிட்டது. ஊற்றைச் சுற்றி வேலி போட்டால் மொர்சிலாக்கின் மாடுகள் அடுத்த கோடையைத் தாண்டாது. மாடுகள் போனால் ஊரும் போயிற்று.

சான்-தெலூர் மேயர் ஒனோரே பெலிஸு, பெரிய வயிறும் சின்ன மனசும் உள்ளவன், போன வாரம் ஊற்றங்கரையில் வைத்தே சொன்னான்.

"யோவ் அன்செல்ம், வியாழக்கிழமை பத்து மணிக்கு சர்வேயர் வர்றாரு. அன்னிக்காவது குளிச்சிட்டு வா. உன் மாட்டு வாடையில மனுஷன் அளவை மறந்துடப் போறாரு."

"என் மாடுங்க எங்கய்யா தண்ணி குடிக்கும்?"

"ஏன், பாட்டில்ல குடுக்கிறோம். மொத்தமா எடுத்தா பத்து சதவீதம் தள்ளுபடி. உனக்காக பன்னெண்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அன்செல்மின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

பழைய வரைபடத்தில் அந்த மூலையை எலி தின்றிருந்தது. ஆகவே எல்லைக்கல் நிற்கும் இடம்தான் எல்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இரண்டு ஊரும் நவம்பர் சந்தையில் குடித்துக்கொண்டிருக்க, அன்செல்ம் டிராக்டரும் கடப்பாரையுமாக மேலே போனான். கல்லை மட்டும் நகர்த்துகிறவன் முட்டாள். எல்லைக்கல் நடும்போது ஓடு ஒன்றை இரண்டாக உடைத்து அடியில் புதைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பின்னால் சந்தேகம் வந்தால் தோண்டி எடுத்து, விரிசலோடு விரிசல் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். அன்செல்ம் கல்லைப் பெயர்த்தான், ஓட்டுத் துண்டுகளை எடுத்தான், ஊற்றைத் தாண்டி இருபது அடி தள்ளி எல்லாவற்றையும் அதே கிடையில் வைத்தான். பழைய குழியை மூடிப் புல்கட்டியைப் பதித்தான். கச்சிதமான வேலை.

ஒன்று மட்டும் இடித்தது. ஓட்டுக்குக் கீழே மண் இறுகியிருக்கவில்லை. தினமும் யாரோ புரண்டு படுக்கும் படுக்கை போலப் பொலபொலவென்று இருந்தது. அதிலிருந்து வந்த வாடை மண்வாடை இல்லை. புளித்த பாலும் பழைய கம்பளியும் கலந்த வாடை. அதற்குக் கீழே அவன் தோண்டவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறு மணி அடித்ததும் மறுபடி சத்தம். இந்த முறை மாடிப்படிக்குப் பக்கத்தில். ஒன்று. இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அவன் உள்ளங்கை சுட்டது. ஆறு. பிறகு அந்தக் காத்திருப்பு. ஓங்கிய கை ஒன்று காற்றில் அப்படியே நிற்பது போல. நிமிர்ந்து பார்த்தான். ஓங்கியிருந்தது அவனுடைய கை. எப்போது தூக்கினான் என்று தெரியவில்லை.

புதன்கிழமை மேயர் அலுவலகத்தில் கையைத் தண்ணீர்ச் சட்டியில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அலுவலகம் என்றால் ஒரு மேஜை, ஒரு அலமாரி, ஒரு மிரேய். இருபத்தெட்டு வருடமாகச் செயலாளர். மேயர்கள் வருவார்கள் போவார்கள், மிரேய் இருப்பாள்.

"யாரை அறைஞ்சே?" என்றாள்.

"யாரையும் இல்ல. அடுப்பு சுட்டுடுச்சு."

"அடுப்பு அஞ்சு விரலையும் விட்டுட்டு உள்ளங்கையில மட்டுமா சுடும்? நான்கூட பல் டாக்டரைத்தான் போட்டுட்டியோன்னு நினைச்சேன். ஊருக்கே ஒயின் ஊத்தியிருப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. அவள் ஒரு தடித்த புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினாள். "சர்வேயர் கேட்டாருன்னு பழைய தீர்மானப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கல்லு நட்டப்போ உங்க வம்சத்து ஆளுதான் மேயர். பிளேஸ் விதலாங்க். கையெழுத்தைப் பாரு, மாடு உழுத மாதிரி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "'இரண்டு ஊராரும் கூடிக் கல் நடப்பட்டது. ஓடு உடைத்துப் புதைக்கப்பட்டது. வழக்கப்படி ஏழு பிள்ளைகளைக் கல்லைச் சுற்றி நிறுத்தி, இடத்தை ஆயுளுக்கும் மறக்காதபடி, மேயர் தம் கையால் ஒவ்வொரு பிள்ளையையும் கன்னத்தில் அறைந்தார்.' இப்படித்தான் செய்வாங்களாம். அறை வாங்கின புள்ளை எண்பது வயசுலயும் வந்து, கல்லு இங்கதான் இருந்துச்சுன்னு காட்டுமாம்."

அன்செல்மின் கை தண்ணீருக்குள் எரிந்தது.

மிரேய் பக்கத்தைத் திருப்பினாள். அவள் குரல் இறங்கியது. "'மாலையில் ஆறு பிள்ளைகள் வீடு திரும்பின. ஏழாவது, பண்ணையில் வளர்ந்த அனாதைப் பெண், பெயர் நெலி, வயது ஆறு, எழுந்திருக்கவில்லை. கேட்பார் யாரும் இல்லாததால் அவள் கல்லோடேயே இருக்கட்டும் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'"

புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"ஒருமனதாவாம். நாசமாப் போறவங்க. ரெண்டு ஊருமே கையெழுத்துப் போட்டிருக்கு. நூத்தித் தொண்ணூறு வருஷத்துல இந்த ரெண்டு ஊரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்."

கல்லை நகர்த்தினான். ஓட்டை நகர்த்தினான். அவளை நகர்த்தவில்லை.

நாலரை மணிக்கு டிராக்டரை எடுத்தான். திருப்பி வைக்கத்தான் போனான். பாதி வழியில் பெலிஸுவின் தள்ளுபடி ஞாபகம் வந்தது. எவனோ ஒரு விதலாங்க் கை ஓங்கியதற்கு நானூறு மாடுகள் நாக்கு தள்ளிச் சாக வேண்டுமா? அந்தப் பள்ளத்தாக்கான் பாட்டிலில் அடைத்து விற்க வேண்டுமா? ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினான். மூடுபனி டிராக்டர் விளக்கின் வெளிச்சத்தைத் தின்றுகொண்டே வந்தது. புதர்கள் பக்கத்தில் வந்து முகம் காட்டிவிட்டு விலகின. ஊற்றின் சலசலப்பு ஒரு நேரம் இடப்பக்கமும் ஒரு நேரம் வலப்பக்கமும் கேட்டது. இடம் மாற்றிய கல்லை நெருங்கும்போது எஞ்சின் இருமிவிட்டு நின்றது. பிறகு எத்தனை முறை சாவியைத் திருப்பியும் எழவில்லை. இறங்கிக் கடப்பாரையை எடுத்தான்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றானோ. கீழே கோயில் மணி ஆறு அடித்தது.

பளார்.

கை எரிந்தது.

பளார். பளார். பளார். பளார். பளார்.

மூடுபனி கொஞ்சம் விலகியது. பழைய குழியைச் சுற்றி ஆறு பிள்ளைகள் நின்றன. மரச்செருப்பு. சாக்கு நிறச் சட்டை. ஒவ்வொன்றின் இடது கன்னமும் சிவப்பு. யாரும் அவனைப் பார்க்கவில்லை. புல்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன.

கோட்டை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள்.

திரும்பினான். இடுப்பு உயரம்தான் இருந்தாள். கன்னம் சிவந்திருக்கவில்லை. உள்ளே போயிருந்தது. பள்ளத்தில் மண் அப்பியிருந்தது. புளித்த பால் வாடை.

"கல்லு இங்க வந்துடுச்சு," என்றாள். "நான் எங்க இருக்கணும்?"

முப்பத்தைந்து வருடப் பேரப் பழக்கம் அன்செல்மின் பயத்துக்குக் காத்திருக்கவில்லை.

"உனக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்குப் போகணும்."

"போயேன். யாரு தடுத்தா?"

"கல்லுகிட்ட ஒருத்தர் இருக்கணும்ல."

அவன் மூச்சை இழுத்துவிட்டான். பேரம் என்றால் பேரம். பயத்துக்கு அடியிலிருந்து கோபம் எழுந்து வந்தது, பழக்கப்பட்ட நாய் மாதிரி.

"ஒருத்தர் போதுமா?"

"போதும்."

"அப்போ கேளு. நாளைக்குப் பத்து மணிக்கு ஒருத்தன் வர்றான். ஒனோரே பெலிஸுன்னு பேரு. நூத்திப் பத்து கிலோ. உன்னை மறந்த ஊருக்கு மேயர். அவனை எடுத்துக்கோ. கல்லு இங்கயே நிக்கட்டும். ஊத்து எங்களுக்கு."

அவள் யோசித்தாள். நல்ல பசுவைப் பார்க்கும் குடியானவன் போல, அவசரமில்லாமல், தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"சரி," என்றாள். "தட்டு."

சின்ன உள்ளங்கையை நீட்டினாள். தானாகவே ஓங்கிய அவன் கை அதன் மேல் விழுந்தது.

ஏழாவது.

அவள் விடவில்லை.

"விடும்மா. பேரம் முடிஞ்சுதே."

"அவரு வந்து சேர்ற வரைக்கும்," என்றாள் நெலி. சந்தை விதி அவளுக்கும் தெரிந்திருந்தது.

பிடி குளிர்ந்தது. கால் குளிர்ந்தது. கடப்பாரை விழுந்த சத்தம் கேட்கவில்லை. முழங்காலுக்கு மண். பொலபொலவென்ற மண். இடுப்புக்கு. கத்த வாயைத் திறந்தான். வாய்க்கும்.

வெளிச்சம் இல்லை. தலைக்கு மேலே கல்லின் பாரம். வெகு நேரத்துக்குப் பிறகு காலடிகள். குரல்கள், தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல.

"இது நகர்ந்திருக்கு! எனக்குத் தெரியாதா இந்த இடம்!" பெலிஸு.

மண்வெட்டி இறங்கியது. இரண்டு ஓட்டுத் துண்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். சர்வேயரின் இரும்புக் கம்பி ஒன்று மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கி, அன்செல்மின் திறந்த கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

"பொருந்துது," என்றார் சர்வேயர். "ஊற்று மொர்சிலாக்குக்கு."

"எங்கே அந்த மாட்டுத் தரகன்? ஜெயிச்ச அன்னிக்கு ஒளிஞ்சுக்கிட்டானா?"

"டிராக்டர் நிக்குது," என்றாள் மிரேய். "ஆளைத்தான் காணோம்." அவள் கத்தினாள். "அன்செல்ம்! ஏய் அன்செல்ம்!"

வந்துட்டான், என்றான் அன்செல்ம், மண் நிறைந்த வாயால். மேலேதான் நிக்கிறான். எடுத்துக்கோ. எடுத்துக்கோ.

காதருகே நெலியின் மூச்சு.

"அவரு கை குடுக்கலியே," என்றாள். "நீதானே குடுத்தே."

அவன் கையிலிருந்து தன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மண் அசைந்தது. மேலே மரச்செருப்புகள் நடக்கத் தொடங்கின. ஆறு ஜோடி. கொஞ்சம் தள்ளி, ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும் ஏழாவது ஜோடி. சரிவில் இறங்கி மெதுவாகத் தேய்ந்தன.

நீட்டிய அவன் உள்ளங்கையில் மண் கொட்டத் தொடங்கியது. மூட முடியவில்லை.

மேலே பெலிஸு ஆத்திரம் தாங்காமல் கல்லின் மேல் ஓங்கி ஒரு அறை விட்டான்.

கீழே, அன்செல்மின் இடது கன்னம் எரிந்தது.