கிணற்றில் விழுந்தது யார்?

"கொக்கு வீரன் சாகல!" என்றாள் அனுராதா.

"செத்துட்டான்," என்றான் அஸார். "கடைசிப் படத்துல கடல் மட்டும்தான் இருக்கு. ஆளே இல்ல."

"ஆள் இல்லன்னா செத்துட்டான்னு அர்த்தமா? நேத்து நீ வகுப்புல இல்ல. செத்தா போயிட்ட?"

அஸார் சைக்கிளை வேகமாகத் தள்ளினான். பின்னால் கட்டியிருந்த தூக்குவாளியில் டீ தளும்பியது.

இருவரும் ஆறாம் வகுப்பு. 'கொக்கு வீரன்' படக்கதையின் கடைசி இதழ் வந்ததிலிருந்து அவர்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வீரன் தன் இறக்கைகளைக் கழற்றி ஒரு குழந்தைக்கு மாட்டிவிட்டுக் கடலில் குதித்துவிட்டான். அதோடு கதை முடிந்தது. பாதிப் பேர் அவன் இறந்துவிட்டான் என்றார்கள். மீதிப் பேர் இல்லை என்றார்கள்.

அன்று சனிக்கிழமை. அனுராதாவின் அப்பா இளஞ்செழியன் குத்தகைக்கு எடுத்திருந்த வயலில் சம்பா நடவு. குடவாசல் சாலையில் இருக்கும் அஸார் அத்தா என்று கூப்பிடும் அவன் அப்பாவின் டீக்கடையிலிருந்து நடவு ஆட்களுக்கு டீ போய்க்கொண்டிருந்தது. சண்டையும் கூடவே போய்க்கொண்டிருந்தது.

வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். நடவு நடுபவர்கள் முன்னால் போக மாட்டார்கள். நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். எதிரில் பச்சை நீண்டுகொண்டே போகும். முதுகுக்குப் பின்னால் வரப்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது.

வரிசைக்கு நடுவில் தங்கமணி அத்தை. இரவு ஒன்பதரைக்கு வரும் 'கருங்கிணறு' தொடரை அந்த வரிசையில் அவர் மட்டும்தான் பார்ப்பார். மற்றவர்கள் விடியுமுன்பே எழ வேண்டும் என்று எட்டரைக்கே தூங்கிவிடுவார்கள். மறுநாள் வயலில் நின்று தங்கமணி கதை சொல்வார். எவ்வளவு பெரிய வயலாக இருந்தாலும் சரி, முதுகு வரப்பைத் தொடும்போது கதையும் சரியாக முடியும்.

"டிவியைவிட நீ சொன்னாத்தான் நல்லாருக்கு. நடுவுல சோப்பு விளம்பரம் வராது," என்பார் ராசம்மாள் பெரியம்மா.

நேற்றோடு 'கருங்கிணறு' முடிந்துவிட்டது. இன்று கடைசிக் கதை. ஆகையால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நட்டார்கள்.

"வீடு பூரா இருட்டு," என்று சொல்லிக்கொண்டிருந்தார் தங்கமணி.

"அந்த வீட்ல என்னைக்குத்தான் லைட்டு போட்டாங்க?" என்றார் வீரம்மாள் சித்தி. "கரண்டு பில்லு கட்டலையா என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"கேளுங்கடி. மேகலா பின்கட்டுக்கு வர்றா. அவ மாமன் பின்னாலேயே பூனை மாதிரி வர்றான்…"

அந்த நேரம் பார்த்து அஸாரும் அனுராதாவும் வரப்புக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் சண்டை இன்னும் ஓயவில்லை.

"நல்லவங்க எல்லாரும் பிழைச்சுட்டா அது ஒரு கதையா?" என்றான் அஸார். "அழ வெச்சாத்தான் நல்ல கதை."

அனுராதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வழக்கத்தைவிட உரக்கக் கத்திவிட்டாள்.

"போடா! எல்லாரும் இப்படியே முடிக்கிறாங்க. நேத்து மேகலாவும் கிணத்துல விழுந்து செத்துப் போனா!"

வயலில் எல்லாக் கைகளும் நின்றன.

தங்கமணி மெல்ல நிமிர்ந்தார். கையிலிருந்த நாற்றுமுடிச்சைச் சேற்றில் வைத்தார்.

"அப்புறம் என்ன? அதான் முடிவையே சொல்லிட்டாளே. இனிமே நான் எதுக்கு?" என்று வரப்பேறி வாய்க்கால் பக்கம் நடந்துவிட்டார்.

"செத்துட்டாளா?" என்றார் ராசம்மாள். குரல் தழுதழுத்தது. "ஆறு மாசமா அந்தப் பொண்ணு ஒரு வாய் சோறு நிம்மதியா தின்னல. அவளைக் கொன்னுட்டாங்களா?"

"சாகத்தான் செய்வா," என்றார் வீரம்மாள். "ராத்திரியில தனியா கிணத்தடிக்கு யாரு போகச் சொன்னா?"

"உனக்கு ஈவிரக்கமே கிடையாதா?"

"கதைக்கு என்னத்துக்கு இரக்கம்?"

"இவ பக்கத்துல நின்னு நான் நட மாட்டேன்!" ராசம்மாள் வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரோடு பாதிப் பேர் ஏறினார்கள். வீரம்மாளோடு மீதிப் பேர் எதிர்வரப்பில் ஏறினார்கள். நடுவில் பாதி நட்ட வயல் தனியாகக் கிடந்தது.

இளஞ்செழியன் இரண்டு பக்கமும் பார்த்தார். "அக்கா, டீ ஆறிடும்," என்றார். யாரும் திரும்பவில்லை.

அவர் அனுராதாவைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நாத்தெல்லாம் பறிச்சாச்சும்மா," என்றார் மெதுவாக. "இன்னைக்கே நடலைன்னா வாடிப்போயிடும். வாய்க்கால்ல முறைத்தண்ணி. பொழுது சாய மதகை அடைச்சுடுவாங்க. இந்த நாத்து போச்சுன்னா மறுபடி விதை விட நமக்கு வழியில்ல."

அனுராதா வாய்க்கால் பக்கம் ஓடினாள். அஸாரும் பின்னாலேயே ஓடினான்.

தங்கமணி பூவரச மரத்தடியில் காலைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க. நீங்க சொன்னாத்தான் அத்தை அது கதை. நான் சொன்னது வெறும் சேதி."

தங்கமணி அவளைப் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்தார்.

"உம்மேல கோபம் இல்லடி. பொய்க் கோபம்," என்றார் தணிந்த குரலில். "எனக்கே முடிவு தெரியாது. மேகலா கிணத்துக்கிட்ட வந்து நின்னா. பட்டுனு கரண்டு போயிட்டு. சரி, வரப்பு வர்றதுக்குள்ள நாமளே எதையாவது யோசிச்சுச் சொல்லிடலாம்னு பார்த்தேன். நீ செத்துட்டாங்கிற. இனி நான் என்னத்தச் சொல்றது?"

அனுராதாவின் கண்கள் விரிந்தன.

"எங்க வீட்லயும் அப்பதான் அத்தை கரண்டு போச்சு!"

"அப்புறம் எப்படிடி செத்துட்டான்னு சொன்ன?"

"அவ கால் வழுக்குச்சு. அவ்வளவுதான் பார்த்தேன். இந்தத் தொடர்ல நல்லது எங்க நடந்திருக்கு? அதான் செத்திருப்பான்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

"சரியாப் போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் தங்கமணி.

"அத்தா போன்ல பார்த்துடலாம்," என்றான் அஸார். "கடை பக்கத்துலதானே? இதோ வந்துடறேன்." பதிலுக்குக் காத்திருக்காமல் சைக்கிளில் பறந்தான்.

அவன் திரும்பி வருவதற்குள் வெயில் வரப்பில் நன்றாக ஏறிவிட்டது. நாற்றுமுடிச்சுகள் மீது அப்பா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது தூரத்தில் தெரிந்தது.

அஸார் மூச்சு வாங்க வந்தான். முகத்தில் ஒரு மாதிரி குழப்பம்.

"பார்த்தேன். ஆனா ஒண்ணும் தெரியல."

"என்னடா சொல்ற?"

"ஒரே இருட்டு! ரெண்டு பேரும் கிணத்துமேட்டுல இழுபறி பண்றாங்க. தொபுக்கடீர்னு ஒரு சத்தம். யாரு விழுந்தான்னு தெரியல. 'முற்றும்'னு போட்டுட்டாங்க. அத்தா போன் வெளிச்சத்தை முழுசாக் கூட்டிப் பார்த்தாங்க. அப்பவும் தெரியல."

"அப்புறம்?"

"கடையில இருந்தவங்க எல்லாரும் வந்து பார்த்தாங்க. அவ்வளவுதான், சண்டை! பஞ்சநதம் மாமா, மேகலாவோட மாமன்தான் விழுந்தான்னாரு. பஸ்ஸுக்கு நின்ன சார், ரெண்டு பேரும் விழுந்துட்டாங்கன்னாரு. இன்னொருத்தர் யாருமே விழல, வாளிதான் விழுந்துச்சுன்னாரு. அந்த சார் பஸ்ஸையே விட்டுட்டாரு. எல்லாரும் ரெண்டாவது டீ வாங்கிக் குடிச்சுட்டு இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. அத்தாவுக்கு ஒரே சந்தோஷம்."

அனுராதா யோசித்தாள்.

"சண்டை போட்டுக்கிட்டே அங்கயே நிக்கிறாங்களா? யாரும் கிளம்பலையா?"

"எங்க கிளம்புறது? முடிவு தெரியாம யாரு போவா?"

அனுராதா தங்கமணியின் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, எழுந்திரிங்க. கதை சொல்ல உங்களுக்கு முடிவே வேணாம்."

வயலுக்கு வந்ததும் அவள் வரப்பில் ஏறி நின்றாள்.

"மேகலா செத்துட்டான்னு நான் சொன்னது தப்பு. கரண்டு போயிட்டு, நான் பார்க்கல. நானா நெனச்சுக்கிட்டதைப் பார்த்த மாதிரி சொல்லிட்டேன்."

"நானும் பார்க்கலைங்கடி," என்றார் தங்கமணி. "பார்த்தவங்களுக்கும் தெரியலையாம். இருட்டாம்."

இரண்டு வரப்பிலிருந்தும் ஒரே நேரத்தில் "ஆங்!" என்று சத்தம் வந்தது.

"அப்ப விழுந்தது யாரு?" என்றார் ராசம்மாள்.

"அதை நீங்கதான் சொல்லணும் பெரியம்மா," என்றாள் அனுராதா. "ஆளுக்கொரு முடிவு. ஆனா வயல்ல நின்னுதான் சொல்லணும். கை நின்னா வாயும் நின்னுடணும். அதான் சட்டம்."

வீரம்மாள்தான் முதலில் சேற்றில் கால் வைத்தார். "அவதான் விழுந்தா. நான் சொல்றேன் கேளு…"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்!" ராசம்மாள் எதிர்ப்பக்கத்திலிருந்து இறங்கினார். நாற்றைப் பிரித்து நட்டபடியே பேசினார். "ஆத்தங்கரையில பொறந்த பொண்ணு. அவளுக்கு நீச்சல் தெரியாதா?"

"சேலை கட்டிக்கிட்டு நீந்துவாளா?"

"நான் நீந்தியிருக்கேன். குறுக்க நீந்தி அக்கரையில மாங்கா பறிச்சிருக்கேன்!"

"சித்தி, கை நின்னுட்டு!" என்று கத்தினான் அஸார். வீரம்மாள் பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டு அவசர அவசரமாக நட்டார். சிரிப்பு வயல் முழுவதும் பரவியது.

தங்கமணி நடுவில் நின்று கதையை எடுத்துக் கொடுத்தார். ஒருத்தி மாமனை விழவைத்தாள். ஒருத்தி போலீஸை வரவழைத்தாள். இன்னொருத்தி, மேகலா விழவே இல்லை, மாமனுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் பட்டணம் போய்விட்டாள் என்றாள். ஒவ்வொரு முடிவுக்கும் நாலு பேர் "அதெப்படி?" என்றார்கள். கைகள் மட்டும் நிற்கவில்லை. பச்சை அவர்கள் முன்னால் நீண்டுகொண்டே போனது.

"தம்பி, நீ ஒண்ணும் சொல்லலையே?" என்று இளஞ்செழியனைக் கேட்டார் ராசம்மாள்.

நாற்றுமுடிச்சுகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த அவர் கொஞ்சம் யோசித்தார். "நம்ம பக்கத்துக் கிணறுன்னா தண்ணி மேலேயே இருக்கும்க்கா. யாரு விழுந்தாலும் கையைப் பிடிச்சுத் தூக்கிடலாம்."

"அப்படிச் சொல்லு!" என்றார் ராசம்மாள்.

"மாமன் விழுந்தாலுமா தூக்குறது?" என்றார் வீரம்மாள்.

"விழுந்தவனைத் தூக்காம?"

வீரம்மாள் கையிலிருந்த முடிச்சு தீரும்வரை நட்டுக்கொண்டே போனார். பிறகு, "சரி, தூக்குங்க. ஆனா ரெண்டு தடவை முக்கிட்டுத் தூக்குங்க," என்றார்.

முதுகுகள் வரப்பைத் தொட்டபோது கடைசி முடிச்சும் தீர்ந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இளஞ்செழியன் அதை வயலுக்குத் திருப்பிவிட்டு வந்து அனுராதாவின் பக்கத்தில் நின்றார். பெண்கள் கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். திருப்பம் தாண்டிய பிறகும் ராசம்மாளின் குரலும் வீரம்மாளின் குரலும் கேட்டன.

சாயும் வெயிலில் வயல் முழுக்கப் பச்சைக் கோடுகள். அப்பா ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவர் புருவம் சுருங்கியது.

"எல்லாம் நேரா இருக்கு. இந்த வரிசை மட்டும் ஏன் இப்படி வளைஞ்சு போயிருக்கு?"

அனுராதா எட்டிப் பார்த்தாள்.

"அதுவாப்பா? அங்கதான் வீரம்மா சித்தி மாமனைத் தண்ணியில முக்குனாங்க."