சமர்த்துப் பிள்ளை

லகாட் ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் அந்தச் செம்மண் பாதையில் திரும்பும்போதே எனக்கு எரிச்சல்தான். பிறந்த பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. நர்ஸ்தான்; இங்கே கிளினிக் மிஸ்ஸி என்பார்கள். கால் வீங்கியிருந்தது; மத்தியானச் சோறு டப்பாவிலேயே கிடந்தது. இதே வீட்டுக்குப் போனமுறை வந்தபோது, "தாயும் புள்ளையும் தாப்பா டவுனுக்குப் போயிட்டாங்க மிஸ்ஸி" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள் மங்களம், பிள்ளையின் அத்தை. பச்சைப் பொய். கொடியில் அன்றைக்கும் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

ரப்பர் மரங்கள் போய், ஆட்களும் போய், தோட்டத்தின் பழைய லய வீட்டு வரிசையில் குடியிருப்பது அந்த ஒரு குடும்பம்தான். இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. நேரே உள்ளே நடந்தேன்.

வெளியே வெயில் கொளுத்தியது. அறைக்குள் கும்மிருட்டு. சன்னலில் கம்பளி தொங்கியது. சாம்பிராணிப் புகையும் பச்சை மஞ்சளும் புளித்த பாலும் சேர்ந்து தொண்டையை அடைத்தன. தலைப்பிள்ளை பெற்ற ஷாமினி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்பிரிங் தொட்டில் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது.

"இப்பதான் தொட்டில்லேருந்து தூக்குனியாமா?"

"இல்ல மிஸ்ஸி. காலையிலேருந்து மடியிலதான் இருக்கு."

ஸ்பிரிங் கிறீச்சிட்டது. தொட்டில் துணியின் அடிப்பாகம் கனத்துத் தொங்கியது.

நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"பால் குடிக்குதா?"

"எழுப்புனாலும் குடிக்க மாட்டேங்குது."

"ஆனா சமர்த்துப் புள்ள மிஸ்ஸி. அழுவறதே இல்ல," என்றாள் மங்களம் பெருமையாக.

பச்சைப் பிள்ளை குடிக்காமல், அழாமல் தூங்கிக் கிடந்தால் அதற்குப் பெயர் சமர்த்து இல்லை. வெளிச்சம் வர, சன்னல் கம்பளியின் ஓரத்தை விலக்கினேன். பிள்ளைக்கு நெற்றியிலிருந்து உள்ளங்கால்வரை மஞ்சள்.

"நான்தான் தெனமும் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுறேன். பொம்பளப் புள்ளலா. அந்தக் கலருதான் அது."

எண்ணெய் தொட்ட பஞ்சால் நெஞ்சைத் துடைத்தேன். பஞ்சில் மஞ்சள் வந்தது. இன்னொரு பஞ்சு எடுத்தேன். கடைசியில் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. பிள்ளையின் நிறம் மட்டும் மாறவில்லை. இமையை விலக்கிப் பார்த்தேன்.

"கண்ணு முழிக்குள்ளயுமா பூசுன, மங்களம்?"

அவள் குனிந்து பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள்.

"மஞ்சக்காமாலை. மூளைக்கு ஏறிடுச்சுன்னா, உசுரு தப்பினாலும் காது கேக்காது, கழுத்து நிக்காது. இப்பவே ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும். கெளம்புங்க."

"முப்பது நாள் கழியாம வாசப்படி தாண்டக்கூடாது!" மங்களம் கதவை மறித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "முன்ன இந்த வீட்டுல ஒருத்தி இருந்தா மிஸ்ஸி. புள்ள செத்தது தெரியாம தொட்டில ஆட்டிக்கிட்டே இருந்தாளாம். அப்புறம் அவளும் போயிட்டா. பச்சப்புள்ளய வெளிய தூக்குனா அவ பின்னாலேயே வந்துருவா."

"அதுக்குத்தான் என்னையத் திருப்பி அனுப்புனியா?"

ஷாமினிதான் முணுமுணுத்தாள்.

"மொத ரெண்டு நாளு நல்லா அழுதுச்சு மிஸ்ஸி. அப்புறம் அழ வாயத் தொறந்தாலே யாரோ 'ச்சோ... ச்சோ...'ங்கறாங்க. ஒடனே தூங்கிடுது."

தொட்டில் நின்றது.

அறைக்குள் எங்கள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. என்னுடையது, ஷாமினியுடையது, மங்களத்துடையது.

இன்னொன்றும்.

என் காதோரத்தில், ஈரமாக.

"ச்சோ... ச்சோ..."

தாயின் விரலைப் பற்றியிருந்த பிள்ளையின் கை தளர்ந்து விழுந்தது.

பயந்துபோனேன், மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் கோபம் முந்திக்கொண்டது. இத்தனை காலம் மனிதர்களோடு மல்லுக்கட்டியது போதாதா, இனி இதோடுமா? பிள்ளையை வாரி எடுத்தேன்.

"வந்தா வரட்டும்லா! தள்ளு!"

மங்களத்தை இடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினேன். ஷாமினி பின்னாலேயே ஓடிவந்து காரில் ஏறினாள். வழி நெடுக, "அழுடி கண்ணு, ஒரு தடவ அழுடி" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் மாற்றி, நீல விளக்கின் கீழே படுக்கவைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அப்பா தனேஸ்வரன் அந்த அழுகையைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தான். வார்டு முழுக்கப் பிள்ளைகளின் கத்தல். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கதவோரத்துப் பிள்ளை சட்டென்று அடங்கியது.

பால் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் யாருமில்லை.

அடுத்த பிள்ளையும் அடங்கியது.

அதற்கடுத்ததும்.

வரிசையாக, எங்கள் பக்கமாக.

"மிஸ்ஸி..." ஷாமினி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

எழுந்தேன். என்னைவிட்டால் வேறு யார் எழுவது? பெட்டிக்குள் காற்று அசையவே இல்லை. ஆனாலும் பிள்ளையின் தலைமுடி, யாரோ தடவிக்கொடுப்பதுபோல, மெல்ல ஒருபக்கமாகப் படிந்தது.

அழுகை நின்றது.

கையை உள்ளே விட்டு, அழவைக்க அதன் உள்ளங்காலைச் சுண்டினேன். அழவில்லை. மறுபடியும் சுண்டினேன்.